ஃபெரூல்: நம்ம பூண்தான் அது

ரெண்டு துண்டு மூணு துண்டா வர்ற தூண்டில் ராடுல ஒரு துண்டுக்குள்ள இன்னொரு துண்டைச் செருகுற எடத்துல ஒரு உலோகக் குழாய் மாட்டியிருக்கும்ல, அதுக்குப் பேருதான் ஃபெரூல். பாம்பன் மண்டபம் தொண்டி பக்கம் யாரும் இந்தப் பேரைச் சொல்றதில்ல, "ஜாயிண்ட்"தான், அதுவும் பெரும்பாலும் "ஜாயிண்ட் இறுகிப்போச்சுண்ணே, கழட்ட வரல"ங்கும்போதுதான் அந்தப் பேச்சே வரும். ராடுக்கு மட்டும் உள்ள சொல்லும் இல்ல இது. பென்சில் முனையில ரப்பரைப் பிடிச்சிருக்க தகரப் பட்டை, கைத்தடி அடியில போடுற உலோகக் குப்பி, கரண்டு வேலைக்காரங்க வயர் நுனியில நசுக்குற சின்னக் குழாய், எல்லாமே ஃபெரூல்தான்.

சொல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா நல்லா இருக்கு. லத்தீன்ல விரியோலான்னா சின்ன காப்பு, கையில போடுற வளையல். அது பழைய பிரெஞ்சுல விரோல்னு ஆகி, இங்கிலீஷ்காரங்க வாயில வெரல்னு வந்துச்சு. லத்தீன்ல இரும்புக்கு ஃபெர்ரம்னு பேரு, உலோக வளையம்தானே, இரும்புல இருந்துதான் வந்திருக்கும்னு நெனச்சு முன்னாடி இருந்த வ-வை ஃப-வா மாத்திட்டாங்க. ஆக இரும்புக்கும் இந்தச் சொல்லோட வேருக்கும் சம்பந்தமே இல்ல, வேர் வளையல்தான். பழைய ராடு ஃபெரூல் பெரும்பாலும் பித்தளை, இல்லன்னா நிக்கல் சில்வர். பேருல சில்வர் இருந்தாலும் அதுல வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது.

இதுக்குத் தமிழ்ல புதுசா ஒரு சொல் உருவாக்கத் தேவையே இல்ல, பூண் இருக்கு. உலக்கை நுனி பிளந்துறாம இருக்க ஒரு இரும்பு வளையம் அடிச்சிருப்பாங்களே, அது பூண். தடிக்குப் போட்டாலும் பூண்தான். சங்கப் பாட்டுல பூண்னா நகை, மார்புல கழுத்துல அணியுறது. நகை பூண்டாள், வேடம் பூண்டான்னு சொல்றோமே, அதே பூண். பாருங்க, அங்க காப்புல தொடங்கி குழாய்க்கு வந்துச்சு, இங்க நகையில தொடங்கி உலக்கைக்கு வந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு தெரியாமலே ரெண்டு பாஷையும் ஒரே வழியில போயிருக்கு. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காதுன்னு நான் உறுதியா நம்புறேன். "இணைப்பு வளையம்"னு எழுதுறவங்க இருக்காங்க, அது விளக்கமே தவிர சொல் இல்ல. உள்ள போற துண்டுல இருக்கது உள்பூண், வாங்கிக்கிறது வெளிப்பூண்னு சொன்னா யாருக்கும் புரியும்.

இன்னொண்ணும் சொல்லணும். காண் காட்டு ஆகுற மாதிரி, உண் ஊட்டு ஆகுற மாதிரி, பூண்தான் பூட்டு ஆகுது. மாட்டை ஏர்ல பூட்டுறதும் கதவுப் பூட்டும் அந்த வேர்தான். நம்ம கடக்கரையில ராடைப் பிரிக்காம ஒரு வாடைக்காலம் மூலையில சாத்தி வச்சா பூண் நெசமாவே பூட்டாயிரும்.

அப்படி ஆகுறதை எல்லாரும் "துரு ஏறிருச்சு"ங்குறாங்க. துரு இரும்புக்கு மட்டும்தான். பித்தளையில வர்ற பச்சைக்குப் பேரு களிம்பு, புளி போட்டு வெளக்குற நம்ம வீட்டு அம்மாக்களுக்கு இது தெரியும். அலுமினியத்துல வெள்ளை வெள்ளையாப் பொடி பூக்கும், பாத்தா உப்பு மாதிரியே இருக்கும், ஆனா நல்ல தண்ணியில கரையாது, ஏன்னா அது உலோகமே மாறிப்போன பொடி. வந்த உலோகத்தைவிட அதிக எடம் பிடிக்கும், அதனாலதான் ரெண்டு குழாய்க்கு நடுவுல ஆப்பு மாதிரி இறுகுது. இப்ப வர்ற ராடுல செருகுற எடம் பெரும்பாலும் ஃபைபர்தான், ஆனா படகு ராடுல அடிக்கட்டையும், ரீலை ராடுல பிடிச்சு வைக்கிற ரீல் சீட் நட்டும் அலுமினியம், பக்கத்துல கார்பனோ ஸ்டீலோ இருக்கும். ரெண்டு வேற பொருள் ஒட்டியிருந்து நடுவுல உப்புத்தண்ணி நின்னா பேட்டரி மாதிரிதான் வேலை நடக்கும், அரிச்சுப்போறது அலுமினியம். லிட்டருக்கு 35 கிராம் வாக்குல உப்பு இருக்க தண்ணி, அதுக்கு மேல உப்புக்காத்து. 1914ல தொறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிச்சு 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்த வச்ச காத்து, ராடை விட்டுருமா.

கழட்டுறதுக்கு மொதல்ல பிளையரைத் தூரமா வைங்க. பூண் மெல்லிசான குழாய், நசுங்கிட்டா அப்புறம் எதுக்கும் ஆகாது. அது ராடு மேல பசை போட்டு மாட்டுன அணிகலன்தான்கிறதை மறக்கக் கூடாது, வெறி வந்து இழுத்தாலோ லைட்டரைக் காட்டுனாலோ ஜாயிண்ட் பிரியாம பூண் மட்டும் ராடை விட்டுக் கழண்டு வரும். வெதுவெதுப்பான நல்ல தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவச்சா மிச்சம் இருக்க உப்பு கரையும். தொடச்சிட்டு வெளிப்பூண் வாய் மேல பாத்த மாதிரி நிறுத்தி, இடுக்குல ஊடுருவுற எண்ணெய் விட்டு ராத்திரி பூரா விடுங்க. டபிள்யூடி 40 கைவசம் இருந்தா அதுவும் சரி. அந்தப் பேருக்கே தண்ணிய விலக்குறதுக்கான நாப்பதாவது கலவைன்னுதான் அர்த்தம், 1953ல அமெரிக்காவுல செஞ்சது. காலையில பூணைச் சுத்தியும் ஒரு மரக்கைப்பிடியால லேசா தட்டுங்க.

அப்பவும் வரலைன்னா சூடு, ஆனா தீ இல்ல. உள்பூண் பக்கம் ஐஸ் வச்சுக் கட்டிட்டு வெளிப்பூண் மேல துணி சுத்திச் சுடுதண்ணி ஊத்தணும், கொதிக்கக் கொதிக்க வேணாம், பசை இளகிரும். 20 மில்லி குறுக்களவு அலுமினியக் குழாய் 30 டிகிரி சூடேறுனா சுமார் 0.014 மில்லிதான் விரியும், ஒரு தலைமுடி கனம்கூட கிடையாது, ஆனா பொடியோட பிடி விட அதுவே பல நேரம் போதும். அந்தச் சூட்டோட ரெண்டு பேரு எதிரெதிரா நின்னு, ஆளுக்கு ஒரு கை அந்தப் பக்கம் ஒரு கை இந்தப் பக்கம்னு பூண் ஓரமாப் பிடிச்சு நேர்கோட்டுல இழுங்க. உலோகப் பூணை முறுக்கக் கூடாது, வளைக்கக் கூடாது, தூண்டில் நரம்பு போற வளையத்துல கை வைக்கவே கூடாது. மொத தடவை வரலைன்னா திரும்ப எண்ணெய் விட்டு இன்னொரு நாள் பொறுங்க.

வந்ததும் வெள்ளைப் பொடியையோ களிம்பையோ துணியால தேச்சு எடுங்க, எமரி பேப்பர் வேணாம், தேஞ்சா பூண் ஆடும், ஒரு நல்ல பாறை மீன் மாட்டும்போது அங்கதான் முறியும். காஞ்சப்புறம் உள்பூண்ல மெழுகுவர்த்தியை ஒரு தடவை லேசாத் தேய்ங்க, ரீல் சீட் மரைக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். பாம்பன் தீவுல நல்ல தண்ணிக்கு எவ்ளோ பாடுன்னு தெரியும், குளிப்பாட்ட வேணாம், ஈரத்துணி போதும், கரை ஏறுன அன்னைக்கே பிரிச்சுத் தொடச்சிருங்க.