கயிறு அறுந்ததற்காக ஜன்னலைத் தூக்கிப் போடாதீர்கள்

லண்டனில் நூறு வருடப் பழைய வீடு வாங்கிய நம் ஆட்கள் போன் செய்தால் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணை, யன்னல் மேல தூக்கினா நிக்குதில்லை, பிளாஸ்டிக்குக்கு மாத்திடுவமோ?”

மாற்ற வேண்டாம். அநேகமாக அறுந்திருப்பது ஒரு பருத்திக் கயிறு.

மேலும் கீழுமாக நகரும் இந்த சாஷ் ஜன்னலின் இரு பக்கமும் நிற்பது வெறும் மரநிலை இல்லை, உள்ளே கூடான பெட்டி. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் கட்டிய கயிறு மேலே கப்பியில் ஏறி, பெட்டிக்குள் இறங்கி, ஒரு வார்ப்பிரும்புக் குண்டைத் தாங்கி நிற்கும். சட்டத்துக்கு இரண்டு வீதம் மொத்தம் நான்கு குண்டுகள். மேல் சட்டத்தின் குண்டுகள் இரண்டும் சேர்ந்து அந்தச் சட்டத்தைவிடக் கொஞ்சம் கனம், கீழ்ச் சட்டத்துக்குக் கொஞ்சம் லேசு. அதனால்தான் மேலது மேலேயும் கீழது கீழேயும் படிந்து நிற்கிறது. கண்ணாடி மாற்றினால் எடையும் மாறும், மறந்துவிடாதீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லாமே கழற்றுவதற்காகவே செய்யப்பட்டிருப்பது. சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய மரப்பட்டையான உள்பக்க ரீப்பரை நடுவில் உளி கொடுத்து நெம்பினால் வில்லாக வளைந்து வந்துவிடும் (முனையில் நெம்பினால் உடையும்), கீழ்ச் சட்டம் கைக்கு வரும், அப்புறம் காடியில் செருகிய மெல்லிய நடு ரீப்பர், அதன்பின் மேல் சட்டம். பக்க மரத்தின் அடியில், பெயின்ட்டுக்குக் கீழே ஒரு வெட்டுக் கோடு தெரியும். அந்தத் துண்டை எடுத்தால் குண்டு கையில். ஒன்று அறுந்தாலும் நான்கு கயிற்றையும் சேர்த்தே மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதான்.

ஆனால் பெயின்ட்டைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். 1960களுக்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். முதலில் சோதித்துப் பாருங்கள்.

மரம் மக்கியிருந்தால்? ஸ்க்ரூடிரைவரால் அடிச் சட்டத்தையும் வாசல்படி போன்ற அடிப்பலகையையும் குத்திப் பாருங்கள், மழைநீர் தேங்குவது அங்கேதான். மெத்தென்று இறங்கும் இடத்தை மட்டும் வெட்டி, நல்ல மரத்தை ஒட்டுப்போட்டால் போதும். மெதுவாக வளர்ந்த, வளையங்கள் நெருக்கமான அந்தக் காலத்துப் பைன் மரம் இன்று கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. குளிர்காற்று வருகிறதென்றால் ரீப்பரில் பிரஷ் பட்டை பதிக்கலாம்.

வீடு பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் இருந்தால் அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றுவது குற்றம். பிளாஸ்டிக்குக்கு முன்பணம் கொடுக்கும் முன் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.