இம்போஸ்டர் சிண்ட்ரோம்: தமிழில் ‘தகுதி ஐயம்’

பாட்டு நன்றாக வந்திருக்கிறது. கேட்டவர்கள் பாராட்டுகிறார்கள், அடுத்த வேலையும் தேடி வந்துவிட்டது. ஆனாலும் ‘இது எனக்கு உரியதல்ல, ஏதோ வண்டி ஓடுகிறது, ஒருநாள் சாயம் வெளுத்துவிடும்’ என்று உள்ளே ஓயாமல் அரிக்கிறது. இந்த மனநிலைக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர் இம்போஸ்டர் சிண்ட்ரோம். இசைக்கலைஞர்களின் பேச்சில் இன்று அடிக்கடி அடிபடும் சொல் இது. மேடை பயம், சோம்பல், பாட்டு வராமல் முடங்குவது என எல்லாவற்றுக்கும் இதையே சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஆனால் சொல்லுக்குப் பயன் போய்விடும்.

பின்வரும் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் இந்தச் சொல் பொருந்தும். செய்து காட்டிய திறமைக்குச் சான்று இருக்க வேண்டும். அந்தச் சான்றைத் தன் திறமையின் கணக்கில் வைக்க மனம் மறுக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருக்க வேண்டும். மேடை பயத்தை இதிலிருந்து பிரிப்பது எளிது. கை நடுக்கம், தொண்டை வறட்சி, படபடப்பு எல்லாம் நிகழ்ச்சிக்கு முன் ஏறி, பெரும்பாலும் முதல் சில நிமிடங்களுக்குப் பின் இறங்கும். இதுவோ கைதட்டல் கேட்ட பிறகும் இறங்காது. சிலருக்குக் கைதட்டலே இதைக் கூட்டிவிடும், ஏனெனில் அடுத்த முறை ஏமாற்ற வேண்டிய ஆட்கள் பெருகிவிட்டார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. தாழ்வு மனப்பான்மையும் வேறு. அங்கே ‘என்னால் முடியாது’ என்பது எண்ணம். இங்கே முடித்துக் காட்டிய பிறகும் ‘முடித்தது நான் இல்லை’ என்பது எண்ணம்.

சொல்லின் வேர் லத்தீன். ‘மேலே வைத்தல், சுமத்துதல்’ என்ற பொருள் தரும் இம்போனெரே என்ற வினையிலிருந்து, பிறர் மேல் பொய்யைச் சுமத்துபவர் என்ற பொருளில் இம்போஸ்டர் பிறந்தது. பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்து, இன்னொருவராக நடித்து ஏமாற்றுபவரைக் குறித்தது. சிண்ட்ரோம் கிரேக்கச் சொல். ‘சேர்ந்து ஓடுதல்’ என்பது நேர்ப்பொருள். ஒரே நேரத்தில் கூடித் தோன்றும் அறிகுறிகளை மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள்.

இவ்விரண்டையும் உளவியலாளர்கள் முதலில் சேர்த்து வைக்கவில்லை. 1978இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் இருந்த பெயர் இம்போஸ்டர் ஃபினாமினன். ‘நிகழ்வு’ என்றார்களே தவிர நோய் என்று சொல்லவில்லை. படிப்பிலும் தொழிலிலும் உயர்ந்த பெண்கள் 150க்கும் மேற்பட்டோரிடம் கண்டதை அவர்கள் எழுதினார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. சிண்ட்ரோம் என்ற பின்னொட்டு மக்கள் வழக்கில் ஒட்டிக்கொண்டது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இப்படியொரு நோய் இல்லை. கிளான்ஸ் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உண்டு. 20 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 40 வரை வந்தால் குறைவு, 41–60 நடுத்தரம், 61–80 அடிக்கடி, 80க்கு மேல் கடுமை. தன்னை அறிந்துகொள்ள இது உதவும். இதை வைத்து யாருக்கும் நோய் இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது.

தமிழில் இதற்குப் பல ஆக்கங்கள் உலவுகின்றன. ‘வஞ்சகர் நோய்க்குறி’, ‘ஏமாற்றாளர் நோய்க்குறி’ இரண்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை. அவற்றின் இரு பாதிகளும் தவறு. வஞ்சகர் தெரிந்தே ஏமாற்றுபவர். இந்த எண்ணத்தில் தவிப்பவர் யாரையும் ஏமாற்றவில்லை. நோய்க்குறி என்பதும் பொருந்தாது என்று மேலே பார்த்தோம். ஏற்கனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் போய் ‘உனக்கு வஞ்சகர் நோய்’ என்று சொல்வது கொடுமை. ‘போலி உணர்வு’ என்று எழுதினால் உணர்வே போலி என்றாகிவிடும். ‘தன்னையம்’ என்பது தன் + ஐயம் என இலக்கணப்படி சரியாகப் புணர்ந்த சொல்தான், ஆனால் அச்சில் பார்க்கும் எவரும் அதைத் ‘தன்னையும்’ என்பதன் எழுத்துப்பிழையாகவே படிப்பார்கள். பொதுவான செல்ஃப் டவுட்டுக்குத் ‘தன் ஐயம்’ என்று பிரித்து எழுதலாம். இம்போஸ்டர் சிண்ட்ரோமுக்குத் ‘தகுதி ஐயம்’ என்பதே நேரானது: தன் தகுதி குறித்துத் தனக்கே எழும் ஐயம். வினையாகச் சொல்ல ‘தகுதியை ஐயுறுகிறார்’ எனலாம்.

ஐயம் என்ற சொல்லைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் ஐயம் ஒரு கட்டம். அதற்கு அடுத்த கட்டம் தெளிவு. தொல்காப்பியக் களவியலில், முதன்முதலாகத் தலைவியைக் கண்ட தலைவன் இவள் தெய்வமோ மானுடப் பெண்ணோ என்று ஐயுறுகிறான். ‘சிறந்துழி ஐயம் சிறந்தது’ என்கிறது நூற்பா. அடுத்த நூற்பா அந்த ஐயத்தைத் தீர்க்கும் அடையாளங்களை அடுக்குகிறது: மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, சூடிய பூ, கண், இமைப்பு, அச்சம். இவற்றை ‘நின்றவை களையும் கருவி’ என்கிறது. யாரும் ஆறுதல் சொல்லி அந்த ஐயம் தீரவில்லை. வெளியே பார்க்கக்கூடிய சான்றுகளால் தீர்ந்தது. குறளோ இருபக்கமும் எச்சரிக்கிறது: ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ (510). ஆராயாமல் நம்புவதும் துன்பம், ஆராய்ந்து தெளிந்த பின் ஐயுறுவதும் துன்பம். தகுதி ஐயம் இந்த இரண்டாம் வகை.

ஆகவே இசைப்பவர் கேட்க வேண்டியது, தன் வேலையில் ‘களையும் கருவி’ எது என்பதை. அதற்கு முன், ஐயம் எங்கே நுழைகிறது என்று தெரிய வேண்டும்.

கிளான்ஸ் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். புதிய வேலை வந்ததும் பதற்றம். பதற்றத்தால் ஒன்று அளவுக்கு மீறிய தயாரிப்பு, இல்லையென்றால் கடைசி நாள் வரை தள்ளிப்போடல். முதல் வகையினர் கை வலிக்க, குரல் கம்ம, ஒரே வரியை நாள் முழுக்கப் பயில்கிறார்கள். இரண்டாம் வகையினர் ஒலிப்பதிவுக்கு முந்தைய இரவில் மெட்டை முடிக்கிறார்கள். வேலை நன்றாக முடிந்ததும் முதலாமவர் ‘ராப்பகலாக உழைத்ததால் வந்தது, திறமை இல்லை’ என்கிறார். இரண்டாமவர் ‘அதிர்ஷ்டம்’ என்கிறார். இருவர் கணக்கிலும் திறமை ஏறவில்லை. அதனால்தான் எத்தனை வெற்றி வந்தாலும் இது தானாகத் தீர்வதில்லை.

இசையில் இதைத் தூண்டுபவற்றுள் சில, உண்மையில் ஒலியியல் விஷயங்கள். பலர் இதை அறியாமல் தங்களையே நொந்துகொள்வது வருத்தமானது.

முதலாவது சத்தத்தின் அளவு. தன் டெமோவை (மாதிரிப் பதிவை), வெளியான ஒரு பாட்டோடு ஒப்பிட்டு மனம் உடைகிறார்கள். வெளியான பாட்டு மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச்சீரமைப்பு முடிந்து −9 எல்யூஎஃப்எஸ் அளவில் இருக்கலாம் (இது உரப்பை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்). டெமோ −20இல் இருக்கும். சத்தம் கூடினாலே காதுக்கு அடிநாதமும் மேல்நாதமும் நிறைவாகக் கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே ஒப்பிடும் முன் வெளியான பாட்டை 11 டெசிபெல் குறையுங்கள். மீட்டர் இல்லையென்றால், இரண்டிலும் பாடுகுரல் ஒரே உரப்பில் கேட்கும் வரை வெளியான பாட்டின் ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்வியை) இறக்குங்கள். அதன் பிறகு மிஞ்சும் வேறுபாடுதான் உண்மையான வேறுபாடு. டெமோவை ஏற்றிச் சமன்செய்யக் கூடாது, கிளிப்பிங் (ஒலி அளவு மீறிச் சிதைவது) வந்து இன்னும் மோசமாகத் தோன்றும்.

இரண்டாவது சொந்தக் குரல். பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. எலும்பு வழி வருவதில் கீழ்ச்சுருதிப் பகுதி தூக்கலாக இருக்கும். பதிவில் அது இல்லாததால் குரல் மெலிந்து, அந்நியமாகக் கேட்கிறது. அது குறையல்ல, மற்றவர்கள் எப்போதும் கேட்டுவந்த குரலே அதுதான். தொடர்ந்து கேட்டால் பழகிவிடும்.

மூன்றாவது, திரும்பத் திரும்பக் கேட்பது. எட்டு பார் நீளமுள்ள லூப்பை அரை நாள் சுழலவிட்டால் எந்த மெட்டும் செத்துப்போகும். மெட்டு மட்டமானதல்ல, காது களைத்துவிட்டது. உருவாக்கும் வேலைக்கும் தீர்ப்பு சொல்லும் வேலைக்கும் இடையே ஓர் இரவாவது போக வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது.

வேலையை இப்படிப் பிரிக்கலாம். முதல் அமர்வில் 25 நிமிடம், எதையும் அழிக்காமல் பதிவு. ஒவ்வொரு முயற்சியும் தேதியோடு புதிய கோப்பாகச் சேமிக்கப்பட வேண்டும். அழிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் சுமார் 20 நால்வர் கம்பியிசைப் படைப்புகளை (ஸ்ட்ரிங் குவார்டெட்) அழித்ததாகச் சொல்லியிருக்கிறார். 1873இல்தான் முதல் இரண்டை வெளியிட்டார். அழித்தவற்றில் என்ன இருந்தது என்று இன்று யாராலும் கேட்க முடியாது. மறுநாள் அமர்வில் கருவியைத் தொடாமல், குறைந்த சத்தத்தில், போனின் ஸ்பீக்கரில் ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். கையில் தாள். குறிப்பு எடுக்கும்போது ஒரு விதி: நிமிடமும் விநாடியும் இல்லாத குறிப்பு எழுதக் கூடாது. ‘1:12, வரியின் முடிவில் சுருதி இறங்குகிறது’ என்றால் அது வேலை பற்றிய ஐயம், அதைத் திருத்திவிடலாம். ‘மொத்தமாகவே சரியில்லை, நான் லாயக்கில்லை’ என்பதற்கு நேரக்குறிப்பு எழுத முடியாது. அது தகுதி ஐயம், தாளில் இடமில்லை. ஒரு சுற்றில் மூன்று திருத்தத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். நான்காவது பெரும்பாலும் பதற்றத்தில் செய்வது, முதல் மூன்றையும் அதுவே கெடுத்துவிடும்.

பிறரிடம் கேட்பதிலும் தவறு நடக்கிறது. ‘எப்படி இருக்கு?’ என்றால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள். தகுதி ஐயம் அந்தப் பாராட்டை உடனே தள்ளுபடி செய்துவிடும். ‘எந்த இடத்தில் கவனம் விலகியது? எந்த வரி கேட்ட பிறகும் நினைவில் இருந்தது?’ என்று கேளுங்கள். இரண்டு பேர் போதும். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே வேலை இருக்கிறது.

கூட்டாகச் செய்யும் இசையில், ‘லூப் வாங்கியது, சுருதியைத் திருத்தியது மென்பொருள், கோர்ட்ஸ் நண்பருடையது, அப்படியானால் நான் என்ன செய்தேன்?’ என்ற கேள்வி வரும். 1997இல் ஆட்டோ-டியூன் வந்தது முதல் இந்தக் குடைச்சல் கூடியிருக்கிறது. பாட்டு முடிந்த அன்றே ஒரு பக்கத்தில் யார் எதைச் செய்தார் என்று எழுதிவையுங்கள்: மெட்டு, சொல், தாளக்கட்டு, கருவித் தேர்வு, எதை நீக்குவது என்ற முடிவு. கடைசியாகச் சொன்னது பலருடைய பட்டியலில் விடுபடும். பத்து டேக்கில் எது என்று தேர்ந்தெடுப்பதும் இசைத்திறன்தான்.

இவை எல்லாம் ஐயத்துக்கு மருந்து. மனச்சோர்வுக்கு மருந்து அல்ல. இங்கே கவனம் வேண்டும். 1897இல் ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃபின் முதல் சிம்பொனி அரங்கேற்றத்தில் தோற்றது. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவரால் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. இடையில் ஓபராக்களை நடத்தினார், ஆகவே இசை முழுதும் நின்றுவிடவில்லை. 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிகோலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். 1901இல் முழுமையாக அரங்கேறிய இரண்டாம் பியானோ கான்செர்டோவை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

எப்போது மருத்துவரிடம் போவது? பெரும்பாலான நேரம் மனம் தாழ்ந்திருப்பதோ, இசை உட்பட எதிலும் நாட்டம் இல்லாமல் போவதோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பசி, கவனம் குலைந்திருந்தால் போக வேண்டும். ‘நான் பயனற்றவன்’ என்ற எண்ணம் இசையைத் தாண்டி வாழ்க்கை முழுவதற்கும் பரவினாலும் போக வேண்டும். சாவு பற்றிய எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது; அன்றே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்கோ உதவி எண்ணுக்கோ போங்கள். நிகழ்ச்சிக்கு முன் குடித்துத் துணிவு தேடுவது பழக்கமாகியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் என்ன வாசிக்கிறீர்கள், பாடுகிறீர்களா என்பதை முதல் நாளே சொல்லுங்கள். லித்தியம் என்ற மனநல மருந்து விரல்களில் மெல்லிய நடுக்கம் தரலாம். மனச்சோர்வு மருந்துகளில் சில வாயை உலர்த்தும், அது பாடகருக்குத் தொல்லை. மேடைப் படபடப்புக்குச் சிலர் கைமாற்றிக்கொள்ளும் ப்ரோப்ரனலால் மாத்திரை ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்தானது. மருத்துவர் எழுதித்தராமல் எடுக்கக் கூடாது. தொந்தரவு இருந்தால் மருந்தையோ அளவையோ மாற்ற மருத்துவருக்கு வழி இருக்கிறது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.