முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற வேண்டும்

இறக்கிக் கட்டிய என்ஜினில் ஆயில் ஊற்றியாகிவிட்டது, டிப்ஸ்டிக்கிலும் அளவு சரியாக இருக்கிறது. ஆனால் அந்த ஆயில் மொத்தமும் அடியில், சம்பில்தான் கிடக்கிறது. பம்ப், பில்டர், பிளாக்குக்குள் ஓடும் ஆயில் வழிகள் என்று மேலே எல்லா இடத்திலும் இருப்பது காற்றுதான். இப்போது சாவியைத் திருப்பினால், ஆயில் வந்து சேரும்வரை பேரிங்குகளைக் காப்பது கட்டும்போது பூசிய கெட்டியான மசகு, அதாவது அசெம்பிளி லூப் மட்டுமே.

சில நொடிகள்தானே என்று விட்டுவிட முடியாது. பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 0.05 மி.மீ. சூடாகி நன்றாக ஓடும் என்ஜினில் ஷாஃப்ட் பேரிங்கைத் தொடுவதே இல்லை. அது சுழலும்போது ஆயிலையும் தன்னோடு இழுத்துக் குறுகும் சந்துக்குள் திணிக்கிறது. அங்கே எழும் அழுத்தம்தான் ஷாஃப்டைத் தூக்கி நிறுத்துகிறது. இங்கிலாந்தில் பியூச்சம்ப் டவர் என்ற பொறியாளர் 1880-களின் தொடக்கத்தில் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தபோது, ஆயில் விடுவதற்காகப் போட்ட துளை வழியாக ஆயில் மேலே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அந்த அழுத்தம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் வெளியிட்டார். ஆக, ஷாஃப்டைத் தாங்குவது பம்ப்பின் அழுத்தம் அல்ல. பேரிங்குக்கு ஆயில் தீராமல் பார்த்துக்கொள்வதே பம்ப்பின் வேலை.

அந்தப் பம்ப்பும் முதல்முறை திணறும். கியர் பற்களுக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தை அடைப்பதே ஆயில்தான். உள்ளே ஈரமில்லாவிட்டால் காற்று பின்னோக்கிக் கசியும், உறிஞ்சும் சக்தி இருக்காது. காற்றுப் பிடித்த கிணற்று மோட்டாரில் குடத்துத் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அது நீரை இழுக்கும் அல்லவா, அதே கதைதான். ரோவர் வி8 என்ஜினில் பம்ப்பின் கியர்களைச் சுற்றி வாஸ்லின் அடைத்துவிட்டுத்தான் மூடுவார்கள். சாதாரண கிரீஸ் கூடாது. வாஸ்லின் சூடான ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் அப்படிக் கரையாது.

இந்த வேலையைக் கண்ணால் பார்க்க 1955-இல் வந்த செவர்லே ஸ்மால் பிளாக் வி8-ஐவிட நல்ல என்ஜின் எனக்குத் தெரியாது. அதில் பம்ப்பைச் சுற்றுவது, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிமுனை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையில் ஒரு பிரைமிங் கருவியை (ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் ஏற்றுவதுதான் பிரைமிங்) இறக்கி, மேலே டிரில் மெஷினை மாட்டி வலப்பக்கமாகச் சுற்றினால் போதும், என்ஜின் ஓடாமலே பம்ப் ஓடும். வெறும் கம்பியை விட்டுச் சுற்றுவது அரைகுறை வேலை. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே அங்கே ஆயில் வழியின் ஒரு சுவர், அது இல்லாவிட்டால் ஆயில் பாதியிலேயே வழிந்துவிடும். அதனால்தான் பலர் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் கியரைக் கழற்றிவிட்டு அதையே கருவியாக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் டிரில் இலேசாகச் சுழலும். பம்ப் ஆயிலைப் பிடித்ததும் சத்தம் தடித்து, மணிக்கட்டை முறுக்கும். பிரஷர் கேஜ் முள் அப்போதுதான் எழும். அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. கிராங்க் ஒரே நிலையில் நின்றால் சில துளைகள் நேர்படாமல் போகும். ஒருவர் டிரில்லை ஓட்ட, இன்னொருவர் கிராங்கைக் கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு முழுச் சுற்று திருப்ப வேண்டும். வால்வு கவரைத் திறந்து வைத்தால், உள்ளீடற்ற புஷ்ராடு கம்பிகளின் வழியாக ஏறி, வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் ஒவ்வொன்றாக ஆயில் கசிவதைப் பார்க்கலாம். பம்ப் பின்முனையில் இருப்பதால் முன்பக்கம் தாமதமாகலாம், பொறுமை வேண்டும். பதினாறு ராக்கரும் நனைந்த பிறகே டிரில்லை எடுக்க வேண்டும். அப்புறம் முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பொருத்தலாம்.

1997-இல் வந்த செவர்லேயின் எல்எஸ் வி8-இல் இந்த வழி கிடையாது. அதில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, பம்ப் கிராங்கின் முன்முனையில் உட்கார்ந்திருக்கிறது. பிளாக்கில் உள்ள ஆயில் வழியின் பிளக்கைக் கழற்றி, அழுத்தமேற்றிய தொட்டியிலிருந்து ஆயிலை உள்ளே செலுத்துவார்கள்.

பிரைமிங்கால் கிடைக்காத ஒன்றும் உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில், தட்டை அடி கொண்ட டேப்பட்டுகள் உரசும் பழைய ஃபிளாட் டேப்பட் வகையின் முகடுகளுக்கு அழுத்தத்தில் ஆயில் வருவதில்லை, சுழலும் கிராங்க் தெறிப்பதுதான் கிடைக்கும். அதனால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல், சுமார் 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, கொஞ்சம் ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓட்டுவார்கள். ஸ்டார்ட்டரை மட்டும் வைத்து நெடுநேரம் சுற்றி ஆயில் ஏற்ற முயன்றால், அந்த முகடுகளில் பூசிய லூப் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே துடைபட்டுப் போகும்.