சளியா, கட்டியா? நாயின் மூக்குக்குள் ஒரு சிடி ஸ்கேன்

ஒன்பது வயது லாப்ரடார். இரண்டு மாதமாக இடது மூக்கில் மட்டும் இரத்தம் வருகிறது. உண்ணிக் காய்ச்சலோ என்று இரத்தப் பரிசோதனை செய்தாயிற்று, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறையவில்லை. அடுத்து சிடி ஸ்கேன், அப்புறம்தான் பயாப்சி என்கிறார் மருத்துவர். "எப்படியும் சதையை எடுத்துத்தானே பார்க்கப் போகிறார்கள்? அதை முதலில் செய்தால் ஸ்கேன் செலவு மிச்சமாகாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரிசையை மாற்றக் கூடாது.

எக்ஸ்ரே என்பது நிழல். பல், தாடை, இரண்டு மூக்கறைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். சிடியில் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வருகிறது. நூற்றுக்கணக்கான கோணங்களில் கிடைத்த அளவுகளை வைத்து, கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் போடுகிறது: தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நாயின் மூக்குக்குள் காகிதம் போன்ற எலும்புச் சுருள்கள், இடையிடையே காற்று. புற்றுக்கட்டி அந்தச் சுருள்களை அரித்துவிட்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். அடைப்புக்குப் பின்னால் சளி தேங்கும். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறம்! அப்போது முன்னங்காலில் போட்ட ஊசி வழியாக அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி மறுபடி படம் எடுக்கிறார்கள். அயோடின் கனமான அணு. கதிரை நன்றாகத் தடுக்கும். அது இரத்தத்தோடுதான் போகும். கட்டிக்குள் இரத்தக்குழாய்கள் உண்டு, சளிக்குள் கிடையாது. கட்டி பளிச்சென்று வெளுக்க, சளி இருந்தபடியே இருக்கிறது. எல்லை துல்லியமாகத் தெரிந்துவிடுகிறது.

பயாப்சியை முதலில் செய்தால் மூக்கறை முழுக்க இரத்தம் கசிந்து நிரம்பி, இந்தப் படமே குழம்பிவிடும்.

ஆபத்தும் உண்டு. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே வாசனை நரம்புகள் நுழையும் சல்லடை எலும்பு இருக்கிறது. கட்டி அதை அரித்திருந்தால், மூக்குக் கட்டிகளை நிலை நிலையாகப் பிரிக்கும் பரவலான முறையில் அது நான்காம் நிலை. கதிர்வீச்சுச் சிகிச்சையைத் திட்டமிடும் விதமே மாறும். பயாப்சிக்குச் சதையைக் கிள்ளி எடுக்கும் இடுக்கியும் அங்கே போய்விடக் கூடாது. அதனால் மூக்கு நுனியிலிருந்து கண்ணின் உள்முனை வரை அளந்து, இடுக்கியில் அந்த அளவில் ஒரு டேப்பை ஒட்டிவிடுவார்கள். டேப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை.

ஸ்கேனுக்காகக் கொடுக்கும் அதே மயக்கத்தில், கட்டி பரவியிருக்கிறதா என்று நுரையீரலையும் படம் எடுத்துவிடலாம். எக்ஸ்ரேயில் ஏழெட்டு மில்லிமீட்டர் வளர்ந்தால்தான் தெரியும் முடிச்சு, சிடியில் ஒரு மில்லிமீட்டரிலேயே தெரியக்கூடும்.

மூக்கில் இரத்தம் என்றால் 'உடம்புச் சூடு' என்று மோர் ஊற்றி மாதங்களைக் கடத்துகிறோம். அது எனக்கு வேதனையாக இருக்கிறது. அரசுக் கால்நடைக் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு சிடி கருவி இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்குவது வீண் செலவு இல்லை.

சரி, பயாப்சி முடிந்து வீட்டுக்கு வந்தபின் இரண்டொரு நாள் தும்மலில் இரத்தம் தெறிக்கும். பயப்பட வேண்டாம். நிற்காமல் ஒழுகினால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.