கூரைக்குக் கீழே நீலப் புள்ளி

பெரிய மாலுக்குள் நுழைந்ததும் மேப்பில் நம் நீலப் புள்ளி அலைய ஆரம்பித்துவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, தரைக்கு வரும்போதே அவற்றின் சிக்னல் மெலிந்துபோயிருக்கும்; அதற்கு மேல் இரண்டு மூன்று கான்கிரீட் தளம் குறுக்கே நின்றால் என்ன மிஞ்சும்?

சரி, உள்ளேயே வைஃபை இருக்கிறதே? 2000-லேயே மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 'ராடார்' என்ற முறையில் அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துப் பார்த்தார்கள். கட்டடத்துக்குள் நடந்து, எந்த இடத்தில் எந்த வைஃபை ரௌட்டரின் சிக்னல் எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்று முதலில் பதிந்துகொள்வது, அப்புறம் நம் கையில் இருக்கும் கருவிக்குக் கிடைக்கும் அளவை அதோடு ஒப்பிடுவது. கைரேகை பார்ப்பது மாதிரிதான். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 12 சென்டிமீட்டர் சொச்சம். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் போனை ஒரு சாண் நகர்த்தினாலே அளவு மாறிவிடும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், அதுவும் அலையை உறிஞ்சும், அதனால் ரௌட்டருக்கு முதுகைக் காட்டி நின்றால் ஒரு கணக்கு, திரும்பி நின்றால் வேறு கணக்கு. சில மீட்டர் பிழை எப்போதும் இருக்கும்.

போனின் கேமரா வேறு ரகம். தூணின் விளிம்பு, பெயர்ப்பலகையின் மூலை என்று படத்தில் பளிச்சென்று தெரியும் புள்ளிகளை ஏற்கெனவே தயாரித்த முப்பரிமாண வரைபடத்தில் தேடி, எங்கே நின்று எந்தக் கோணத்தில் பார்த்தால் இப்படித் தெரியும் என்று கணக்குப் போடுகிறார்கள். பொருந்திவிட்டால் பிழை சென்டிமீட்டர் கணக்கில்தான். ஆனால் மூன்றாம் மாடி காரிடாரும் ஐந்தாம் மாடி காரிடாரும் ஒரே டைல்ஸ், ஒரே கதவு என்றால் கேமரா இரண்டு மாடியே தள்ளிச் சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: இரண்டும் தவறும் விதம் வேறு. வைஃபை எங்கேயும் கொஞ்சம் பிசகும், ஆனால் நடுவில் இருக்கும் தளம் சிக்னலை நன்றாகவே மட்டுப்படுத்துவதால் மாடியைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். அந்த மாடியில், அந்தச் சில மீட்டருக்குள் மட்டும் கேமரா தேடினால் போதும், வேலையும் குறையும், குழப்பமும் தீரும். 'நீங்கள் இங்கே இருக்கலாம்' என்று நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தூவி, நீங்கள் நடக்க நடக்க அவற்றையும் நகர்த்தி, வைஃபையும் கேமராவும் சேர்ந்து ஒத்துக்கொள்ளும் புள்ளிகளுக்கு எடை கூட்டி, சுவருக்குள் புகுந்தவற்றைக் கழித்துக்கட்டுவது ஒரு வழி. கூட்டம் கேமராவை மறைத்துவிட்டால் அதுவரை வைஃபை தாங்கிக்கொள்ளும்.

கடை பலகையை மாற்றினால் கேமராவின் வரைபடம் பழசாகிவிடும், ரௌட்டரை இடம் மாற்றினால் வைஃபை பதிவும் அப்படியே. ஆனால் ஒரே இடத்தில் இரண்டும் திரும்பத் திரும்ப முரண்பட்டால், மறுபடி அளக்க வேண்டிய இடம் எது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.