கரையில் நின்ற நானூறு ஆண்டுகள்

போர்த்துக்கீசியர் 1482-லேயே இன்றைய கானாவின் கடற்கரையில் எல்மினா கோட்டையைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அப்படியிருந்தும் ஆப்பிரிக்காவின் உட்பகுதி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஐரோப்பியர் கைக்கு எட்டாமல் இருந்தது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். 1870 வாக்கில்கூட அக்கண்டத்தில் பத்தில் ஒரு பங்கே அவர்கள் வசம் இருந்தது. 1914-இலோ எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை.

இந்த மாற்றத்துக்குக் காரணங்களாக நீராவிப் படகு, மாக்சிம் இயந்திரத் துப்பாக்கி, ஆப்பிரிக்காவைப் பங்கிட விதி வகுத்த பெர்லின் மாநாடு ஆகியவற்றைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஐரோப்பியரைக் கரையோடு நிறுத்திவைத்ததில் ஆப்பிரிக்க அரசுகளின் படைபலத்துக்கும் பங்குண்டு. ஆனால் துப்பாக்கியைத் தூக்க முதலில் ஆள் உயிரோடு இருக்க வேண்டும். 1817 முதல் 1836 வரை சியரா லியோனில் பணியாற்றிய ஐரோப்பியச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 483 பேர் நோயால் மாண்டார்கள். 1841-இல் நைஜர் ஆற்றில் மூன்று நீராவிக் கப்பல்களுடன் சென்ற பிரிட்டிஷ் குழுவில் ஏறத்தாழ 150 ஐரோப்பியர் இருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் விழ, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆற்றில் 1854-இல் வில்லியம் பெய்கி என்ற மருத்துவர் தலைமையில் 'பிளெய்யட்' கப்பல் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சுற்றித் திரும்பியபோது ஒருவர்கூட இறக்கவில்லை. காய்ச்சல் வரும்வரை காத்திராமல் எல்லா ஐரோப்பியருக்கும் நாள்தோறும் கொயினா என்னும் மலேரியா மருந்தைக் கொடுத்திருந்தார் பெய்கி.

முன்கூட்டியே கொடுத்ததில் அப்படி என்ன இருக்கிறது? கொசு கடித்தவுடன் மலேரியா ஒட்டுண்ணி ரத்தத்தில் பெருகுவதில்லை. முதலில் ஒரு வாரமளவில் கல்லீரலில் தங்கிப் பெருகி, அதன்பின் வெளிவந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் ஹீமோகுளோபினைத் தன் வயிறு போன்ற அமிலக் குமிழிக்குள் இழுத்துச் செரிக்கிறது. புரதம் உணவாகிறது, இரும்பைத் தாங்கிய ஹீம் என்னும் மூலக்கூறு கழிவாக மிஞ்சுகிறது. தனித்து அலையும் ஹீம் சவ்வுகளைச் சிதைக்கும் நஞ்சு. நம் உடலில் ஹீமை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. ஒட்டுண்ணிக்கு அந்த வசதி இல்லை. அதனால் அது வேறொரு வழியைக் கையாள்கிறது: நூலில் கல்கண்டு படிவதைப் போல ஹீம் மூலக்கூறுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, கரையாத, கரும்பழுப்புப் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. 1880-இல் பிரெஞ்சுக்காரரின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில், காய்ச்சல்காரச் சிப்பாய்களின் ரத்தத்தில் தெரிந்த இந்தக் கருநிறத் துகள்களின் பின்னே போய்த்தான் லாவெரான் என்ற ராணுவ மருத்துவர் ஒட்டுண்ணியையே கண்டுபிடித்தார்.

கொயினா ஒரு வலுக்குறைந்த காரம். அமிலக் குமிழிக்குள் நுழைந்ததும் அது மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் பெற்றது சவ்வைக் கடந்து எளிதில் வெளியேற முடியாது என்பதால் உள்ளேயே சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்த மருந்து ஹீமோடு ஒட்டிக்கொண்டு படிகம் வளர விடாமல் தடுக்க, ஒட்டுண்ணி தான் தின்றதன் எச்சத்தாலேயே நஞ்சேறிச் சாகிறது என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம். எதிரிமேல் நஞ்சை ஏவாமல், அதன் குப்பையை அகற்றவிடாமல் கொல்லும் இந்த முறையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மருந்து ரத்தத்தில் ஏற்கெனவே இருந்தால், கல்லீரலிலிருந்து வெளிவரும் முதல் கூட்டமே இப்படி அடிபடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பன்மடங்காகப் பெருகும் ஒட்டுண்ணியிடம் இந்த முந்திக்கொள்ளல்தான் உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு.

பெய்கிக்கு இதில் எதுவும் தெரியாது. சதுப்பு நிலத்து நச்சுக் காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவம் நம்பியது. கொசுவின் பங்கை ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல்தான். கொயினா மஞ்சள் காய்ச்சலைத் தொடவும் இல்லை. ஆகவே சாவு குறைந்ததே தவிர ஒழியவில்லை. ஐரோப்பியர் வென்றதற்கு இன மேன்மையைக் காரணம் காட்டுவோர் இன்றும் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே மலேரியாவில் அடிபட்டுத் தப்பி, ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு நடுவே, கொயினாவை விழுங்கித்தான் அந்த மேன்மை நடமாட முடிந்தது.

அந்த மருந்தும் ஐரோப்பாவில் விளைந்ததன்று. ஆண்டிஸ் மலைவாழ் மக்கள் அறிந்திருந்த சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெல்லெத்தியேவும் காவெந்தூவும் 1820-இல் பாரிஸில் அதைப் பிரித்தெடுத்தார்கள். பட்டைக்குத் தென் அமெரிக்காவையே நம்பியிருக்க விரும்பாத பிரிட்டிஷார் 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கமை அனுப்பி விதைகளையும் கன்றுகளையும் கொண்டுவரச் செய்தனர். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் எழுந்த சிங்கோனாத் தோட்டங்கள் அப்படி வந்தவையே. நடுவட்டத்தில் சீனக் கைதிகளை வைத்தும் வேலை வாங்கினார்கள். நீலகிரியில் செழித்த செம்பட்டை வகையில் கொயினா குறைவு. பொலிவியாவின் மானுவல் இன்க்ரா மாமானி பொறுக்கித் தந்த சிறந்த வகை விதையை சார்ல்ஸ் லெட்ஜர் 1865-இல் விற்க முயன்றபோது பிரிட்டிஷ் அரசு வாங்க மறுத்தது. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் நட்டு உலகச் சந்தையையே கைப்பற்றினார்கள். மாமானியோ விதை கடத்திய குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார்.

சிப்பாய் சாகும்போதுதான் காலராவையோ மலேரியாவையோ ஆராய அரசின் கருவூலம் திறக்கும் என்ற என் சந்தேகத்துக்கு இங்கேயும் ஆதாரம் இருக்கிறது. நைஜரில் பெய்கியின் கப்பலுக்குக் கிடைத்த அந்த மருந்து, வங்காளத்து அஞ்சலகங்களில் ஒரு பைசாப் பொட்டலமாகக் குடியானவர்களுக்கு விற்பனைக்கு வந்தது 1892-இல்.