சிற்றினம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தர்மபுரிப் பக்கம் ஒரு பள்ளியில் காட்டுயிர் விழிப்புணர்வுக் கூட்டம். "எலி இனம் அழிந்து வருகிறது, வண்டு இனமும் அழிந்து வருகிறது" என்றார் பேச்சாளர். பக்கத்தில் இருந்த கடலை விவசாயி என் காதோரம், "ஒரு நாள் எங்க கொல்லைக்குக் கூட்டியாங்க சார்" என்றார்.

பேச்சாளர் மனதில் இருந்தது சேலம் குரும்பப்பட்டிப் பக்கம் பதிவான ஒரு பாறை எலி. (1965 வரை நாமும் சேலம் மாவட்டம்தானே, உறவு கொண்டாடலாம்.) எந்த உயிருக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று படிப்படியாகத் தரம் பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில், காட்டிலிருந்து மறைவதற்கு முந்தைய கடைசிப் படியில் நிற்கிறது அது. அவர் வாயில் வந்ததோ எலிக் கூட்டம் மொத்தமும்.

அந்தப் பாறை எலி போல ஒரே ஒரு வகை உயிரைக் குறிக்க ஆங்கிலத்தில் ஸ்பீசிஸ் என்கிறார்கள். அது லத்தீன் சொல்; தோற்றம் என்று பொருள். தமிழில் சிறு + இனம், சிற்றினம். சிற்றூர், சிற்றோடை போல. அதற்கு மேலே உள்ள படி பேரினம். அவ்வளவுதான்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் விடமாட்டார்: "இனம் போதும், 'சிறு' சேர்த்தால் சிறுமைப்படுத்துவதாகும்." சிற்றப்பாவை யார் சிறுமைப்படுத்தினார்கள்? இனம் என்ற சொல் ஏற்கெனவே சுமை தாங்காமல் தவிக்கிறது: மாட்டினம், மனித இனம், பெண்ணினம், தமிழினம். எலி போன்ற கொறிக்கும் விலங்குகள் ஒரு வரிசை, அதாவது பல பேரினங்களை அடக்கிய பெரும் பிரிவு. இரண்டாயிரத்துக்கு மேல் சிற்றினங்கள், பாலூட்டிகளில் ஐந்தில் இரண்டு பங்கு. வண்டுகளும் ஒரு வரிசைதான், ஆனால் வரிசைக்கும் மேற்பட்ட பிரிவான வகுப்புகளில், பூச்சி வகுப்பில். பெயரிட்டவை மட்டும் சுமார் 4 லட்சம். வரிசைக்கும் இனம், அதற்குள் ஒன்றுக்கும் இனம் என்றால் எதைக் காப்பாற்றுவது? காவேரிப்பட்டணத்துத் தென்னந்தோப்பில் குருத்தைக் குடைந்து, விரிந்த மட்டையை விசிறி வெட்டாக்கும் காண்டாமிருக வண்டையுமா?

இதில் மொழிபெயர்ப்பாளர்கள் பங்கும் உண்டு. அழியும் ஆபத்தில் இருப்பதை 'அழிந்து வரும் இனம்' என்பார்கள். அடுத்த பத்தியில் ஓர் உயிரையும் 'இனம்' என்பார்கள். 'அருகிய சிற்றினம்' என்று எழுதிக் கொடுத்தால், பள்ளிப் பாடவாடை அடிக்கிறதாம்!

கூட்டம் முடிந்து டீ குடிக்கையில் அந்த விவசாயியிடம் பாறை எலியைப் பற்றிச் சொன்னேன். "அது வேற சாதி எலி சார்" என்றார். "வெள்ளெலி வேற, வரப்பெலி வேற. மூஞ்சூறு எலியே இல்ல."

கடைசியாகச் சொன்னதும் சரி. மூஞ்சூறு கொறிக்கும் வரிசையைச் சேர்ந்ததே அல்ல.